சாம்பல் வாங்கக் கடல் தாண்டிய கதை

கல்முனைக்குச் சற்று முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டிப் பார்த்த ராணுவ வீரருக்கு நான் யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை. பையிலிருந்து விழுந்தவை: நாலு சுடிதார், ஒரு மாவுச் சல்லடை, மூடி போட்ட காலி போத்தல்கள், எங்கள் பேராசிரியர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். கடிதத்தில் வரிக்கு வரி ஹைட்ரஜன். போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த நேரத்தில், அந்த ஊருக்கு, எரிகிற வாயுவின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தனுப்புவது எத்தனை பெரிய புத்திசாலித்தனம் என்று பேராசிரியரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என்னைக் கூட்டிப்போக வந்திருந்த ஆட்டோக்காரர் அஸீஸ் காக்கா சிங்களத்தில் என்னவோ பேசினார். பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "இவள் எதற்கு வந்திருக்கிறாள்?" என்று கேட்டாராம் வீரர். "உமிச் சாம்பல் வாங்க" என்றாராம் இவர். "ஏன், இந்தியாவில் நெருப்பு இல்லையா?" என்றாராம் அவர். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "நெருப்பு இருக்கும், உமி இருக்காது" என்று இந்தியாவுக்காகப் பரிந்து பேசினாராம்.

வெற்றிக் கொண்டாட்டம் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. சாவடியில் தட்டு நிறையப் பாற்சோறு வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் சோறு கொடுத்தால் பசிக்கவில்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. தின்றேன். அஸீஸ் காக்கா இரண்டு துண்டு தின்றார். அவருடைய ஆட்டோவின் நெற்றியில் சிங்கக் கொடி படபடத்தது.

"கொடியெல்லாம் கட்டியிருக்கிறீர்களே" என்றேன்.

"கட்டாட்டி எல்லா இடத்திலயும் மறிப்பான் மிஸ். கட்டினா ஒண்டு விட்டு ஒண்டுலதான் மறிப்பான்."

நான் சாம்பலுக்காகக் கடல் தாண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மணலில் இருக்கும் சிலிக்காதான் நெல்லின் உமியிலும் இருக்கிறது. உமியைப் பாதி எரித்து நிறுத்தினால் சிலிக்கா எலும்புக்கூடாக நிற்கும், கரி அதன்மேல் மெல்லிய தோலாகப் படியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளில் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். ஒரு நாள் கார்களெல்லாம் இதில்தான் ஓடும் என்று நிதி கேட்கும்போதெல்லாம் எழுதுவோம். ஆற்றலைச் சேமிக்கும் இந்த அற்புதத்தை அளக்கிற எங்கள் திருச்சிக் கருவி, மின்வெட்டு வந்தால் நின்றுபோகும் என்பதை மட்டும் எழுதமாட்டோம்.

எங்களோடு ஆய்வு செய்தவன் ரிஸ்வான். கல்முனைக்குப் பக்கத்திலுள்ள மருதமுனைக்காரன். சுனாமியில் அவன் தாயைக் காணவில்லை என்று செய்தி வந்ததும் ஊருக்கு ஓடினான். வாசல்வரை வந்து அவன் தோளைத் தட்டிய பேராசிரியர், "வரும்போது உங்க ஊர் மில்லுலேர்ந்து கொஞ்சம் உமிச் சாம்பல் எடுத்துட்டு வாப்பா" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வேலை சொல்லத்தான் தெரியும். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கொண்டுவந்தான். அந்தச் சாம்பல் பிடித்த ஹைட்ரஜனைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். திரும்பத் திரும்ப அளந்தோம். அதே கணக்கு. ஒரு பெரிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. பேராசிரியர் படமெடுத்துக்கொள்ள டை வாங்கினார். ரிஸ்வானுக்குக் கொரியாவில் வேலை கிடைத்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு தஞ்சாவூர் உமியைச் சுட்டோம், நெல்லூர் உமியைச் சுட்டோம், ஆள் வைத்துக் கல்முனை உமியையே வரவழைத்தும் சுட்டோம். எதுவும் அதில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் மிகுந்த மரியாதையோடு, உங்கள் கருவி சரியாகத்தான் இருந்ததா என்று கேட்டு எழுதின.

கடைசியில் ஆய்விதழ்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதே மாதிரிச் சாம்பலைப் புதிதாகச் செய்யுங்கள், மிச்சமிருக்கும் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து அனுப்புங்கள், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். என் முனைவர் பட்ட ஆய்வு மொத்தமும் அந்தக் கட்டுரையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. அது விழுந்தால் நானும் விழுவேன். பழைய சாம்பலில் இரண்டு தேக்கரண்டி மட்டும் பேராசிரியரின் அலமாரியில் ஒரு சின்ன போத்தலில் மிச்சம். ரிஸ்வானோ எல்லா மின்னஞ்சலுக்கும் பதில் போடுவான், சாம்பலைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொரியாவின் குளிரைப் பற்றி எழுதுவான். அதனால்தான் நான் கிளம்பி வந்தேன்.

மருதமுனையில் தங்கியது அவனுடைய அக்கா ரம்ஸியா வீட்டில். அவரை எல்லோரும் ராத்தா என்றார்கள், நானும் ராத்தா என்றேன். முதல் நாள் காலையில் புட்டும் மீன் ஆணமும். குழம்பைத்தான் ஆணம் என்கிறார்கள். பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். எங்கள் விடுதியில் தயிர் என்ற பெயரில் ஊற்றுவதை இந்த ஊர்க்காரர்கள் கை கழுவத்தான் எடுப்பார்கள்.

"தனியாவா வந்தீங்க? மாப்பிள்ள வரல்லியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்டார்.

"கல்யாணம் ஆகவில்லை."

"அதானே" என்றார். சாம்பலைத் தேடி வருகிற பெண்ணுக்கு வேறென்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

என்னை எங்கெங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதை ராத்தாதான் அஸீஸ் காக்காவுக்குச் சொன்னார். நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை என்று ஒரு நெல் மில் விடாமல் ஏறி இறங்கினோம். மில்லுக்கு மில் நாற்காலி போட்டுச் சோடா கொடுத்தார்கள். சம்மாந்துறையில் ஒரு மில் முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்ப, காத்தைப் புடிச்சிச் சாம்பலுக்குள்ள அடைக்கிற வேல."

"அப்படித்தான்."

"அடைச்சி?"

"கார் ஓட்டலாம்."

"எப்ப?"

எங்களுக்கு நிதி கொடுத்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் சோடாவைக் குடித்தேன். அவர் ஒரு மூட்டைச் சாம்பலைச் சும்மாவே தூக்கி ஆட்டோவில் வைக்கச் சொன்னார். கிளம்பும்போது உள்ளேயிருந்து ஒரு குரல், "படிச்ச புள்ள, பாவம்" என்றது.

வழியில் வயல்களுக்கு நடுவே சுனாமி வீடுகள். வீட்டுக்கு வீடு கொடுத்தவரின் பெயர்ப்பலகை, சில இடங்களில் சன்னலைவிடப் பெரிதாக. ஆளில்லாத வீட்டுக்கும் பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. எங்கள் நாகப்பட்டினத்திலும் இதே பலகைகள் உண்டு, எழுத்து மட்டும் வேறு.

"எங்கட ஊட்டுக்கு முன்னுக்கு ஒரு நாட்டுக் கொடி, கக்கூசுல இன்னொரு நாட்டுக் கொடி" என்றார் அஸீஸ் காக்கா. "எனக்கு ஒரு போட்டும் தந்தாங்க மிஸ்."

"நீங்கள் மீன் பிடிப்பீர்களா?"

"கடல்ல இறங்கினதே இல்ல. அண்டைக்குச் சாரம் கட்டிக்கிட்டு நிண்டன். மீன்காரன் எண்டு நினைச்சிட்டாங்க."

திரும்பும்போது ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூட்டை வாய் பிளந்தது. காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடுத்த சாவடியில் எங்களை நிறுத்தியபோது இருவரின் முகத்திலும் கண்ணைத் தவிர எல்லாம் கருப்பு. கருப்புப் பொடியைக் கண்ட வீரர் சிரிக்கவில்லை. ஒரு சிட்டிகையை முகர்ந்தார். தரையில் கொட்டித் தீக்குச்சி கிழித்து வைத்தார். குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. ஏற்கெனவே எரிந்ததை எப்படி எரிப்பது? அதற்கப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. குழாயடியைக் காட்டி முகம் கழுவச் சொன்னார்.

அந்தக் குழாயடியில்தான் அஸீஸ் காக்காவின் வாய் தவறியது. "மெய்யாக் கேக்கிறன் மிஸ், ரிஸ்வான் தம்பி அள்ளின மில்லுக்கு ஏன் நீங்க போகல்ல?"

"அது எது? ராத்தா எல்லா மில்லையும் சொல்லிவிட்டாரே."

அவர் தலையைக் குனிந்து முகத்தை இன்னொரு தரம் கழுவினார். "ராத்தா சொல்லாட்டி நானும் சொல்லக்கூடா" என்றார். நான் விடவில்லை. பட்டம் போய்விடும், வயதும் போய்விட்டது என்று அழாத குறையாகச் சொன்னேன். பெண் அழப்போகிறாள் என்றால் அந்த மனிதருக்குத் தாங்காது. மறுநாள் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார்.

அந்த மில் பெரியநீலாவணைக்குப் போகும் பக்கம், கடற்கரையை ஒட்டி இருந்தது. இருந்தது என்றால் சுவர் இருந்தது. கூரையில்லை, இயந்திரமில்லை. சொந்தக்காரரான போடியார் பக்கத்தில் தென்னை வைத்திருந்தார். அங்கே நிலக்காரரைப் போடியார் என்பார்கள். வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக வந்து நின்றவர், அஸீஸ் காக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

"உமியெல்லாம் இந்தா, இவடத்ததான் குவிச்சிக் கிடந்திச்சி. ஊடு மாதிரி உசரம். கடல் வந்து அத்தனையையும் நனைச்சிட்டு. செங்கல் சூளைக்காரனும் எடுக்கல்ல, கோழிக்காரனும் எடுக்கல்ல. நாறத் தொடங்கிட்டு. மறுகாதான் பத்தவெச்ச. ஈர உமி, லேசில எரியுமா? புகைஞ்சிக்கிட்டே கிடந்திச்சி."

எனக்குக் காதுக்குள் மணி அடித்தது. கடல்நீர். உப்பு. உப்பு ஊறிய உமி மெதுவாகப் புகைந்திருக்கிறது. கரி படியும்போது உப்பும் கூடவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கழுவியபோது உப்பு கரைந்து ஓடி, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிட்டது. அத்தனை நாள் நாங்கள் நெல்லின் ரகத்தையும் அடுப்பின் சூட்டையும் நோண்டிக்கொண்டிருந்தோம். விடை தண்ணீரோடு சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

நான் அந்த இடத்திலேயே கைதட்டிச் சிரித்தேன். போடியாருக்கு நன்றி சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன், அஸீஸ் காக்கா "ஓம் மிஸ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மாலையில் ராத்தா அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் நடத்துகிற உற்சாகத்தோடு, கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடல், உப்பு, துளை, ஹைட்ரஜன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஓம்" என்றார். "அந்தக் குவியலுக்குள்ள இருந்துதான் எங்கட உம்மாவ எடுத்த."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"மையத்தெல்லாம் எடுத்து அடக்கிட்டுத்தான் பத்தவெச்சாங்க. ரிஸ்வான் வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சி. உம்மாட முகத்தையும் காணல்ல அவன். போய்ச் சாம்பல அள்ளினான். பள்ளிவாசல்ல உள்ள ஆக்கள், இதெல்லாம் வெச்சிருக்கிற வழக்கம் நமக்கில்ல தம்பி, போட்டுட்டு வா எண்டாங்க. 'இது எனக்கில்ல, எங்கட பேராசிரியர் கேட்டவர்' எண்டான். பொய் செல்றான் எண்டுதான் நானும் நினைச்சன், பேசாம விட்டுட்டன். மௌத்து ஊட்டுக்குப் போறவனுக்கிட்ட ஒரு பெரிய மனுசன் சாம்பல் கேப்பாரா தங்கச்சி?"

"கேட்டார் ராத்தா" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. பேராசிரியர்மேல் வந்த கோபத்தில் பாதி எனக்கும் சேர வேண்டியது.

"அப்ப அங்க போனதும் அவர் கேட்டிருப்பார். இவன் குடுத்திருப்பான்" என்றார். பிறகு இறாலைக் கழுவப் போனார்.

கடைத்தெருவில் தொலைபேசிக் கடை ஒன்று இருந்தது. அங்கிருந்து பேராசிரியரை அழைத்தேன். உப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கத்திவிட்டார். "அட, ரொம்பச் சுலபம். கடல் தண்ணிதானே? நாகப்பட்டினத்துக்கு ஆள் அனுப்பிக்கலாம். கட்டுரையில 'உப்புநீரில் ஊறவைத்த உமி'ன்னு போட்டுடு. வேற எதுவும் எழுத வேண்டாம்."

"சார், ரிஸ்வானோட அம்மாவை அந்தக் குவியலிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்."

பெயரெடுப்பதில் ஆசை உள்ளவரே தவிர, கெட்டவர் இல்லை அவர். "என்கிட்ட ஏன் சொல்லல அவன்?" என்றார்.

"நீங்கள்தானே சார் அவனிடம் சாம்பல் கேட்டீர்கள்."

போனை வைத்துவிட்டார்.

மூட்டை எதுவும் இல்லாமல் ஊர் திரும்பினேன். நாகப்பட்டினத்திலிருந்து கேன்களில் கடல்நீர் வந்தது. அங்கேயும் அதே நாளில் அதே கடல்தான் ஏறியது. அந்தத் தண்ணீரைத் தொடும்போதெல்லாம் கொஞ்சம் கூசியது. உமியை ஊறவைத்தேன், ஈரத்தோடு புகையவிட்டேன், கழுவினேன். கருவி பழைய கணக்குக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது. மின்வெட்டும் அன்றைக்கு வரவில்லை. பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளப்பது ஒன்றுதான் பாக்கி. அளந்தால் கட்டுரை நிற்கும், எனக்குப் பட்டம் வரும்.

கொரியாவுக்குப் போன் போட்டேன். ராத்தா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அளக்கலாமா என்று கேட்டேன்.

"எத்தன தரம் அளந்தாச்சி" என்றான் ரிஸ்வான். "அளக்கக்குள்ள எல்லாம் நான் பக்கத்திலதான் நிண்டன். இனி வேணாம்."

குளிரைப் பற்றிப் பேசவில்லை. பேராசிரியரிடம் போய் அப்படியே சொன்னேன். எழுந்து அலமாரியைத் திறந்து போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் மரியாதையாகக்கூட எழுதுவதில்லை. என் ஆய்வேட்டின் தலைப்பு மாறியது, முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். பட்டம் இன்னும் வந்தபாடில்லை. அம்மா வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மட்டக்களப்புக்குப் போன ஒருவர் கையில் போத்தலைக் கொடுத்தனுப்பினேன். சாவடியில் பிடித்துக்கொள்வார்களோ என்று அவர் ஊர் போய்ச் சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ராத்தா கூப்பிட்டார்.

"வந்து சேந்திச்சி தங்கச்சி. எங்கட உம்மாவ அடக்கின மையவாடியில, தலமாட்டுல நட்ட செடிக்கடியில போட்டுட்டன். பள்ளிக்காரர் பாத்துக்கிட்டு நிண்டார். என்னது அது எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீர்கள்?"

"உமிச் சாம்பல், செடிக்குப் போடுறன் எண்டன். பொய் இல்லதானே?"

"இல்லை ராத்தா" என்றேன்.